நான்கு ஆறுகள் ஆண்ட பேரரசா?

"மகதத்தின் எழுச்சிக்கான காரணங்களை விளக்குக" என்னும் வினா இந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் தாள்களில் சலிப்பின்றித் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு எழுதப்படும் விடையும் அதே சலிப்பின்மையோடு ஒன்றாகவே இருக்கிறது. ராஜகிருகத்தைச் சுற்றி ஐந்து குன்றுகள் இருந்தன. ஆகவே அது மலையரண். பாடலிபுத்திரம் கங்கையும் சோணையும் கண்டகியும் கூடுமிடத்தில் இருந்தது, சற்று மேற்கே சரயுவும் வந்து கலந்தது. ஆகவே அது நீரரண். தெற்கே இரும்பு, கிழக்கே யானை, எங்கும் வண்டல் மண். ஆறுகள் அரசாண்டன, மனிதர் உடன் வந்தனர் என்பது போன்றதொரு சித்திரம். ஆர். எஸ். சர்மாவின் பாடநூல் வழியே நீர்க்கோட்டை என்ற சொல் மூன்று தலைமுறை மாணவரின் விடைத்தாள்களில் ஊறிக் கிடக்கிறது. சர்மா அதை ஒரு நீண்ட சமூகப் பொருளாதார விளக்கத்தின் பகுதியாகச் சொன்னார் என்பதை வழிகாட்டி நூல்கள் மறந்துவிட்டன. ஆறுகள் மட்டும் எஞ்சின.

அதே மாணவர் சில வாரங்கள் கழித்து மௌரியப் பேரரசின் வீழ்ச்சியைப் படிக்கிறார். அங்கும் தலைநகரின் அமைவிடம் காரணப் பட்டியலில் இருக்கிறது. பாடலிபுத்திரம் கிழக்கே ஒதுங்கிக் கிடந்தது. வடமேற்கு எல்லை கைக்கெட்டாத் தொலைவில் இருந்தது. ஆணை போய்ச் சேருமுன் யவனர் வந்து சேர்ந்தனர். எழுச்சிக்குக் காரணமான இடமே வீழ்ச்சிக்கும் காரணமாகிறது. இரண்டு விடைகளுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கிறது. சந்திரகுப்தன் அரியணையேறியது முதல் பிருகத்ரதன் தன் படைத்தலைவன் புஷ்யமித்திரனால் கொல்லப்பட்டது வரையிலான ஏறத்தாழ 137 ஆண்டுகளில் நகரம் இருந்த இடத்திலேயே இருந்தது. மாறாத ஒன்றைக் கொண்டு மாறியதை விளக்க முடியாது என்பது தருக்கத்தின் அரிச்சுவடி. வரலாற்றுத் துறைகள் அந்த அரிச்சுவடியைத் தம் வினாத்தாளில் மட்டும் தளர்த்திவிடுகின்றன.

சற்றுப் பின்னே சென்றால் நிலைமை இன்னும் மோசம். நந்தர்களிடமும் இதே பாடலிபுத்திரம்தான் இருந்தது. இதே ஆறுகள், இதே யானைக் காடுகள், கிரேக்க எழுத்தாளர் வியந்து எண்ணிக்கை சொன்ன பெரும்படை. அவர்களிடமிருந்து அதைச் சந்திரகுப்தன் பறித்தான். மகாவம்சத்தின் உரைமரபு சொல்லும் கதை இங்கே நினைக்கத் தக்கது. சூடான அப்பத்தின் ஓரத்தை விட்டு நடுவைத் தின்ற பிள்ளையை ஒரு தாய் கடிந்துகொள்வதைக் கேட்டு, நேரே தலைநகரைத் தாக்கிய தன் பிழையைச் சந்திரகுப்தன் உணர்ந்தானாம். பின்னர் எல்லைப்புறத்திலிருந்து உள்நோக்கி வந்தானாம். கதை கதைதான். ஆயினும் அதைக் கட்டியவர்கள் தலைநகரின் இடத்தை வெல்ல முடியாததென்று கருதவில்லை. ஓரங்கள் கைவிட்டால் நடு தானே விழும் என்று அறிந்திருந்தார்கள். இக்காலப் பாடநூலைவிட அந்த அப்பக் கதையில் அரசியல் அறிவு கூடுதல்.

ராஜகிருகத்தின் கதி இன்னொரு வேடிக்கை. ஐந்து குன்றுகளும், அவற்றின் முகட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய மதிலும் மகதத்தைக் காத்தன என்று ஒரு பத்தி புகழ்கிறது. அடுத்த பத்தி, அந்த இடத்தைக் கைவிட்டுத் திறந்த வெளியில், ஆற்றங்கரைச் சமவெளியில் உதாயின் புதுத் தலைநகர் கண்டதைப் புகழ்கிறது. மலைக்குள் ஒளிந்ததும் அறிவு, மலையை விட்டு வெளியேறியதும் அறிவு. வென்றவர் எங்கே உட்கார்ந்தாரோ அதுவே நல்ல இடம் என்பதைத் தவிர இப்பத்திகளில் வேறு கோட்பாடு எதுவும் இல்லை.

கங்கையின் வடகரையையும் பார்க்க வேண்டும். அங்கே வஜ்ஜிகள் இருந்தனர். அவர்களின் வைசாலி, பாட்னாவிலிருந்து ஒரு நாள் நடையிலோ இரு நாள் நடையிலோ அடையக்கூடிய தொலைவு. கங்கை அவர்களுக்கும் கங்கைதான். கண்டகி அவர்கள் பக்கமே பாய்ந்தது. வண்டல் மண் தென்கரைக்கு மட்டும் படியவில்லை. கங்கைத் துறையொன்றின் வருவாயைப் பங்கிடுவதில் அஜாதசத்ருவுக்கும் லிச்சவிகளுக்கும் பூசல் எழுந்ததாகப் பௌத்த உரைமரபு சொல்கிறது. அப்படியானால் ஆறு இருவருக்கும் பொது. ஆற்றை ஒருவர் வெற்றிக்குக் காரணமாகவும் மற்றவர் தோல்விக்குக் காரணமாகவும் எழுதுவது எப்படி? வேறுபாடு அரசமைப்பில் இருந்தது. ஒரு பக்கம் குலத்தலைவர் கூடிப் பேசி முடிவெடுக்கும் கணசங்கம். மறுபக்கம் நிலையான படையும், வரியை நேரே களஞ்சியத்துக்குக் கொண்டுவரும் அலுவலரும் கொண்ட முடியரசு. மகாபரிநிப்பான சுத்தத்தில் அமைச்சன் வஸ்ஸகாரன் புத்தரிடம் வருவதே வஜ்ஜிகளை வெல்லும் வழியை நாடித்தான். அங்கே பேசப்படுவது வஜ்ஜிகளின் ஒற்றுமை. அந்த ஒற்றுமையை வஸ்ஸகாரன் உட்பகை விதைத்துக் குலைத்தான் என்று பின்னுள்ள மரபு சொல்கிறது. ஆறு ஏதும் குலைக்கவில்லை. பாடலிகாமத்தில் கோட்டை எழுந்ததும் அந்தப் போருக்கான ஏற்பாடாகவே. தலைநகர் அப்போருக்குக் காரணமாக இல்லை, அதன் விளைவாகப் பிறந்தது.

இதுவரை சொன்னவை தருக்கம். இனிச் சான்று. அசோகரின் பேராணைகளை வரலாற்று மாணவர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பில் படிக்கின்றனர். அவற்றின் மொழியையே சான்றாகக் கொள்ளும் பழக்கம் வகுப்பறையில் அரிது. ஐந்தாம் பாறைப் பேராணையில் ஒரு சிறு சொல் உண்டு. தரும மகாமாத்திரர் எங்கெங்கே பணிபுரிகின்றனர் என்று அடுக்கும் இடத்தில், கால்சியிலும் வேறு இடங்களிலும் "ஹித" என்று வருகிறது. 'இங்கே' என்று பொருள். இங்கேயும் வெளி நகரங்களிலும் என்பது வாசகம். கால்சி இமயமலை அடிவாரத்தில், இன்றைய டேராடூன் அருகில் இருக்கிறது. அந்தப் பாறையின் முன் நின்று படிப்பவருக்கு 'இங்கே' என்பது கால்சியைக் குறிக்க வேண்டும். ஆனால் குறிப்பது பாடலிபுத்திரத்தை. வரைவு பாடலிபுத்திரத்தில் எழுதப்பட்டது. எழுதியவரின் இருப்பிடம் அண்மைச் சுட்டில் உறைந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, அப்படியே கல்லில் ஏறியது. கிர்நாரில் மட்டும் ஒருவர் விழித்திருந்தார். அங்கே 'இங்கே' நீக்கப்பட்டுப் பாடலிபுத்திரம் என்னும் பெயர் ஏழாம் வேற்றுமையில் எழுதப்பட்டிருக்கிறது.

பேரரசு எப்படி இயங்கியது என்பதற்கு இதைவிடச் செறிந்த சான்று கிடைப்பது கடினம். தலைநகர் என்பது நிலப்படத்தின் ஒரு புள்ளியாக இருக்குமுன், ஒரு வாக்கியத்தின் சுட்டு மையமாக இருந்தது. அந்த மையத்தைத் தொலைவிலுள்ளோர் ஏற்று நடந்தவரை 'இங்கே' பாடலிபுத்திரமாக இருந்தது. ஏற்க வைத்தது எது? ஓலையோ துணியோ ஏந்திச் சென்ற தூதர், கல்லைத் தேர்ந்த அலுவலர், எழுத்தை வெட்டிய தச்சர். கர்நாடகத்துப் பிரம்மகிரியில் சபடன் என்ற எழுத்தர் தன் கைவினையை வடமேற்கின் கரோஷ்டி எழுத்தில் குறித்துவைத்தார். வடமேற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் தென்னாட்டுப் பாறையில் கிழக்கத்திய அரசவையின் சொல்லை எழுதுகிறார். அந்த ஆணையும் பாடலிபுத்திரத்திலிருந்து நேரே வரவில்லை. சுவர்ணகிரியில் இருந்த இளவரசரும் மகாமாத்திரரும் இசிலாவின் மகாமாத்திரருக்கு அனுப்பியது. இந்த வலைப்பின்னலில் சோணையாறு எங்கே வருகிறது?

ஒலியியலும் இதையே சொல்கிறது. அரசவையின் மொழி கிழக்கத்தியப் பிராகிருதம். அதில் ரகரம் லகரமாகும். 'ராஜா' அங்கே 'லாஜா'. அகர ஈற்று ஆண்பாற் பெயர்கள் எழுவாயில் ஏகாரம் பெறும். கிர்நாரில் அது மேற்கத்திய வழக்குக்கு மாற்றப்பட்டது: ரகரம் நின்றது, ஏகாரம் ஓகாரமானது. ஷாபாஸ்கர்ஹியிலும் மான்செஹ்ராவிலும் காந்தார வழக்குக்கும் கரோஷ்டி எழுத்துக்கும் மாற்றப்பட்டது. கந்தகாரில் கிரேக்கத்துக்கும் அரமேயத்துக்கும் மொழிபெயர்க்கப்பட்டது. மாற்றியவர்கள் சில இடங்களில் தவறவிட்டனர். மேற்கத்திய வாக்கியத்தின் நடுவே ஒரு கிழக்கத்திய ஏகாரம் எட்டிப் பார்க்கும். மூலம் எதுவென்பதை அறிஞர் கண்டது அந்தத் தவறுகளால்தான். ஆனால் கால்சியில், தோப்ராவில், மீரட்டில், ஏன், தெலுங்கு நிலத்து எர்ரகுடியில்கூட மொழி பெரிதும் கிழக்கத்தியதாகவே விடப்பட்டது. அங்கெல்லாம் மக்கள் 'லாஜா' என்று பேசியிருக்கத் தேவையில்லை. அரசவையின் நாக்கு அந்த ஊர்ப் பாறைகளுக்குப் பெயர்ந்து வந்தது. வங்கத்து மகாஸ்தானிலும், கோரக்பூர்ப் பகுதியின் சோககௌராவிலும் கிடைத்த, பெரும்பாலும் மௌரியர் காலத்தவையாகக் கொள்ளப்படும் களஞ்சியச் சாசனங்களும் இதே கிழக்கத்திய மொழியில்தான் பேசுகின்றன. பஞ்சத்தில் திறக்க வேண்டிய தானியக் கொட்டிலின் கணக்கு அது. பேரரசு அங்கே வாழ்ந்தது.

இந்த மொழியின் பிற்கால வாழ்வுதான் அமைவிட வாதத்துக்கு விழும் கடும் அடி. ஒடிசாவில் தௌலிப் பாறையில் அசோகரின் கிழக்கத்தியப் பிராகிருதம் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உதயகிரிக் குன்றில் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டு இருக்கிறது. மௌரியர் மறைந்த பின் வெட்டப்பட்டது. அதன் மொழி கிழக்கத்தியது அன்று. ரகரம் நிற்கிறது, எழுவாய் ஓகாரத்தில் முடிகிறது. பாலியையும் மேற்கத்திய வழக்கையும் ஒட்டியது. பாடலிபுத்திரத்துக்கும் கலிங்கத்துக்கும் இடையிலான தொலைவு ஒரு முழம்கூட மாறவில்லை. மகதத்தின் 'லாஜா'வைக் கல்லில் எழுத வைத்த ஆற்றல் போயிற்று. உடனே மொழியும் போயிற்று. அந்தக் கல்வெட்டிலேயே காரவேலன் மகத மன்னனைத் தன் அடி பணிய வைத்ததாகச் சொல்லிக்கொள்கிறான். அந்த மகத மன்னனும் அதே நான்கு ஆறுகளுக்கு நடுவில்தான் இருந்தான்.

மொழியின் வீழ்ச்சி அத்தோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் கந்தகார் வரை ஆணை பிறந்த வழக்கின் வழிவந்த மாகதி, வடமொழி நாடகங்களில் கீழோர் பேசும் மொழியாக வகுக்கப்பட்டது. காளிதாசனின் சாகுந்தலத்தில் மோதிரத்தை மீனின் வயிற்றில் கண்டெடுக்கும் வலைஞனின் வாயில் அது வருகிறது. காளிதாசனின் காலமாகப் பலரும் கருதும் குப்தர் காலத்தில் பாடலிபுத்திரம் மீண்டும் பெருநகராக இருந்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நகரம் எழுந்தது, அதன் மொழி எழவில்லை. இடம் ஒன்றே அனைத்தையும் தீர்மானிக்கும் என்றால் இது நேர்ந்திருக்கக் கூடாது.

ஆறுகளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். அமைவிட வாதிகள் ஆறுகளை நிலைப்பொருளாக எண்ணுவது வியப்பளிக்கிறது. பதஞ்சலி மகாபாஷ்யத்தில் ஒரு தொகையை விளக்கும்போது பாடலிபுத்திரத்தைச் சோணையின் கரையோரம் நீண்டு கிடப்பதாகவே காட்டுகிறார். சங்கத் தொகையிலும் குறுந்தொகையின் 75ஆம் பாட்டு பாடலியைச் சோணையில் யானைகள் நீராடும் ஊராகத்தான் அறிகிறது. நந்தர் செல்வத்தைக் கங்கையோடு இணைக்கும் அகநானூற்றுப் பாட்டு வேறு. இலக்கண ஆசிரியரும் தொலைதூரத் தமிழ்ப் புலவரும் ஒரே ஆற்றைச் சொல்வது தற்செயலாக இருக்க முடியாது. மெகஸ்தனிசும் கங்கையோடு எரனோபோவாஸ் கலக்குமிடத்தில் நகரை வைத்தார். அது ஹிரண்யவாகம், சோணையின் மறுபெயர். இன்று சோணை பாட்னாவுக்கு மேற்கே பல கிலோமீட்டர் தள்ளிக் கங்கையில் கலக்கிறது. ஆறு நகர்ந்துவிட்டது.

ஆறு நகர்ந்ததால்தான் நகரம் வீழ்ந்தது என்று உடனே ஒரு மறுப்பு எழும். அதற்கும் விடை உண்டு. யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் கண்டது இடிபாடுகளை. அப்போது வடநாட்டின் அரசிருக்கை கன்னோசி. ஆனால் 1541ஆம் ஆண்டையொட்டி ஷெர் ஷா அதே கங்கைக் கரையில் கோட்டை எடுத்தபின், சோணையின் துணையில்லாமலேயே பாட்னா எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வெடியுப்புக்கும் பின்னர் அபினுக்கும் ஐரோப்பியக் கம்பெனிகள் மொய்த்த சந்தையாயிற்று. கங்கைத் துறை வணிகத்தைத் தந்தது. பேரரசைத் தரவில்லை. இடம் எதைத் தர வல்லது, எதைத் தர வல்லதன்று என்பதற்கு ஒரே ஊரின் வரலாற்றிலேயே இத்தனை தெளிவான சோதனை இருக்கும்போது, அதை விட்டுவிட்டு ஆறுகளின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்வானேன்?

நீரரண் என்ற புகழ்ச்சிக்கு மறுபக்கமும் இருக்கிறது. பாடலிகாமத்தின் எதிர்காலத்தைப் புத்தர் கூறியதாக வரும் சுத்தப் பகுதியிலேயே நகருக்கு மூன்று இடர்கள் சொல்லப்படுகின்றன: தீ, நீர், உட்பகை. மூன்றில் ஒன்று நீர். 1975 ஆகஸ்டில் சோணையின் வெள்ளம் பாட்னாவுக்குள் புகுந்ததை நேரில் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆற்றுவழி இணைப்பு என்று போற்றப்படும் கங்கையைப் பாட்னாவில் பாலத்தின் மேல் கடக்க 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படகுடையவனுக்கு ஆறு வழி, படகற்றவனுக்கு ஆறு தடை. படகு யாரிடம் இருந்தது என்று கேட்டால் பதில் சமூகத்தில் கிடைக்கும். மெகஸ்தனிசை மேற்கோளாகக் கொண்ட எழுத்தாளர் 80 ஸ்டேடியா நீளம், 15 ஸ்டேடியா அகலம், 64 வாயில், 570 கோபுரம் என்று எழுதிய மரமதிலின் எச்சங்கள் புலந்திபாக் அகழாய்வில் வெளிப்பட்டன. அத்தனை பெருமரங்களை வெட்டியும் இழுத்தும் வரிசையாய் நட்டும் நின்றவர்கள் இருந்தார்கள். நீர் தானாகவே அரணாகியிருந்தால் அந்த மதிலும் அகழியும் எதற்கு?

இரும்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கோசாம்பி முன்வைத்த அந்த விளக்கத்தைத் திலீப் சக்ரவர்த்தி உள்ளிட்டோர் வெகுகாலம் முன்பே எதிர்த்துவிட்டனர். இரும்புத் தாது துணைக்கண்டத்தின் எத்தனையோ பகுதிகளில் கிடைக்கிறது. கிடைத்த இடமெல்லாம் மகதமாகவில்லை.

அமைவிடத்துக்கு எந்த மதிப்பும் இல்லை என்று வாதிடுவதும் அறிவீனமே. தொலைவு உண்மையானது. பாட்னாவிலிருந்து தட்சசீலம் நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், கந்தகார் 2,000. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் நடந்தாலும் தட்சசீலத்துக்கு ஐம்பது நாள். ஆனால் மௌரியர் அந்தத் தொலைவை அறிந்தே இருந்தார்கள், அதற்கேற்ப நடந்தும் கொண்டார்கள். தௌலி, ஜௌகடாவின் தனிப் பேராணை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அலுவலரைச் சுற்றுக்கு அனுப்புவதைப் பேசுகிறது, உஜ்ஜயினி இளவரசரும் அவ்வாறே, மூன்றாண்டுக்கு மேற்படாமல், அனுப்ப வேண்டும், தட்சசீலத்திலும் அப்படியே. பொறுப்பு பகிரப்பட்டிருந்தது. அரசரும் தலைநகரில் அடைந்து கிடக்கவில்லை. சிறு பாறைப் பேராணைகளில் வரும் 256 என்னும் எண்ணைப் பயணத்தில் கழிந்த இரவுகள் என்றே அறிஞர் பலர் கொள்கின்றனர். தாம் உண்ணும்போதும் அந்தப்புரத்தில் இருக்கும்போதும் தோட்டத்தில் உலவும்போதும் செய்தி கொண்டுவரலாம் என்று ஆறாம் பேராணையில் அசோகர் அறிவிக்கிறார். செய்தி அரசரைத் தேடிச் சென்றது. ரோமிலா தாப்பர் பேரரசை ஒரே சீரான பரப்பாகக் காணாமல் தலைமை நாடு, மையப் பகுதிகள், விளிம்புப் பகுதிகள் என்று பிரித்ததும், ழெரார் ஃபுஸ்மான் மையப்படுத்தப்பட்ட மௌரிய ஆட்சி என்ற சித்திரத்தையே ஐயுற்றதும் இத்தகைய சான்றுகளின் பேரில்தான். அவர்களுடைய கட்டுரைகள் முதுகலை வாசிப்புப் பட்டியலில் இருக்கின்றன. வினாத்தாள் மட்டும் அவற்றை வாசிக்கவில்லை.

அமைவிடம் என்னும் சொல் அரசியலை மறைக்க எவ்வளவு வசதியானது என்பதற்குப் பழங்காலம் வரை போக வேண்டியதில்லை. 1911 ஆகஸ்டில் ஹார்டிஞ்ச் ஆட்சி லண்டனுக்கு விடுத்த மடல், கல்கத்தா இந்தியாவின் கிழக்குக் கோடியில் கிடப்பதால் தலைநகருக்கு ஏற்றதன்று என்று வாதிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் தில்லி தர்பாரில் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அதே மேடையில் வங்கப் பிரிவினையும் கைவிடப்பட்டது. வங்கத்தில் எழுந்த எதிர்ப்பைப் பற்றிப் பேசுவதைவிட நிலப்படத்தைப் பற்றிப் பேசுவது கண்ணியமாகத் தோன்றியிருக்கும். ஏற்ற இடத்துக்கு மாறிய 36 ஆண்டுகளில் அந்தப் பேரரசு இந்தியாவை விட்டு வெளியேறிற்று. அதற்குத் தில்லியின் அமைவிடத்தைக் காரணமாக எழுதும் மாணவரை எந்தப் பேராசிரியரும் தேர்ச்சி பெற விடமாட்டார். முகம்மது பின் துக்ளக் 1327இல் தௌலதாபாத்தை நாடியபோது அதன் நடுவமைவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நடுவில்தான் இருந்தது, நிலைக்கவில்லை. நம் காலத்தில் அமராவதிக்கு நிலம் கொடுத்த உழவர்களும் முதலில் அதன் அமைவிடச் சிறப்பைக் கேட்டார்கள், ஆட்சி மாறியபின் அதே அமைவிடத்தின் குறைகளைக் கேட்டார்கள். கிருஷ்ணையாறு இடையில் எங்கும் போய் வரவில்லை.

ஒரு தேர்வு விடையின் மீது இத்தனை சினம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பதிமூன்றாம் பாறைப் பேராணையில் அசோகரே எண்கள் தருகிறார்: கலிங்கத்தில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், 1,50,000 பேர் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டனர், வேறு வகையில் மாண்டோர் அதைவிடப் பன்மடங்கு. எண்கள் முழு எண்களாக இருப்பது கல்வெட்டு மரபு. அவை குறிக்கும் செயல் ஐயத்துக்கிடமற்றது. பெயர்த்துச் செல்லப்பட்டவர் எங்கே நிறுத்தப்பட்டனர் என்பதைப் பேராணை சொல்லவில்லை. புதுக் குடியிருப்புகள் அமைக்கவும் காடு திருத்தவும் பிற நாட்டு மக்களைக் கொண்டுவரலாம் என்று அர்த்தசாஸ்திரம் வகுக்கிறது. மகதத்தின் உபரி வண்டல் மண்ணிலிருந்து தானாக முளைத்ததா, இத்தகையோரின் கையிலிருந்து வந்ததா என்பது வரலாற்றுக் கேள்வி. அமைவிட விடை அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது. ஆற்றுக்குக் குற்றப்பொறுப்பு இல்லை, சங்கமத்துக்கு வரி வாங்கத் தெரியாது. அவற்றைக் காரணமாக்கிவிட்டால் வரி வாங்கியவனும் கொடுத்தவனும் ஒருசேர மறைந்துபோகிறார்கள். இருபது வயது மாணவர், பேரரசு என்பது நிலப்படத்தில் ஏற்கனவே எழுதிவைக்கப்பட்டிருந்தது என்ற எண்ணத்தோடு பட்டம் பெற்று வெளியேறுகிறார். அவர்களில் ஒரு பகுதியினர் ஆட்சிப் பணிக்குச் செல்கின்றனர் என்பதையும் மறக்க வேண்டாம்.

வினாத்தாளை மாற்றுவது அவ்வளவு கடினமன்று. கால்சியில் 'இங்கே' என்றும் கிர்நாரில் 'பாடலிபுத்திரத்தில்' என்றும் எழுதப்பட்டதிலிருந்து பேரரசின் ஆணை வழிமுறை பற்றி என்ன உய்த்துணரலாம் என்று கேட்கலாம். தௌலியின் மொழியையும் ஹாத்திகும்பாவின் மொழியையும் ஒப்பிடச் சொல்லலாம். இரண்டுக்கும் பதிப்புகள் எல்லாத் துறை நூலகங்களிலும் இருக்கின்றன. கொன்றதையும் பெயர்த்ததையும் எண்ணிச் சொல்லி வருந்தும் பதிமூன்றாம் பேராணை ஷாபாஸ்கர்ஹியில் இருக்கிறது, கால்சியில் இருக்கிறது, கந்தகாரில் கிரேக்கத்தில்கூட இருக்கிறது. கலிங்கத்து மண்ணில் நிற்கும் தௌலியிலும் ஜௌகடாவிலும் அதற்குப் பதில் வேறு இரு ஆணைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏன்? பத்து மதிப்பெண்.